மருதமுனையின் பொறுமையும் நமது கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடைக்கு அழைக்கப்படுவோர் பெரும்பாலும் இளைஞருக்கு நாலு புத்திமதி கூறி, மாலையைக் கழற்றி மேசைமீது வைத்துவிட்டு வீடு திரும்புவர். இன்று அந்த வழியிற் செல்ல நமக்கு மனம் வரவில்லை. நமக்கு அயலிலே, கூப்பிடு தொலைவிலே இருக்கின்ற ஓர் ஊரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அவ்வூர் மருதமுனை.

"இந்து வாலிபர் சங்கத்து மேடையில் முஸ்லிம் ஊரைப் பற்றி என்ன பேச்சு?" என்று யாரேனும் நினைக்கக்கூடும். பெரியநீலாவணைக்கும் பாண்டிருப்புக்கும் நடுவே கிடக்கிறது மருதமுனை. மட்டக்களப்பு வீதியால் போகிறவனுக்கு ஓர் ஊர் எங்கே முடிந்தது, மற்றது எங்கே தொடங்கியது என்பது கோயிலையும் பள்ளிவாசலையும் பார்த்தால்தான் தெரியும். கிழக்கே இருப்பது ஒரே கடல்; மேற்கே இருப்பது ஒரே வயல்வெளி; பேசுவது ஒரே தமிழ். அவர்களுக்கு நேர்ந்தது நமக்கும் நேர்ந்தது. அவர்கள் எதற்குக் காத்திருக்கிறார்களோ அதற்கே நாமும் காத்திருக்கிறோம். ஆகவே அவ்வூரைப் பற்றிப் பேசுவது நம்மைப் பற்றிப் பேசுவதேயாகும்.

மருதமுனை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கைத்தறி. மருதமுனைச் சாறன் என்றால் இலங்கையின் எந்தக் கடைத்தெருவிலும் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. அது கல்வியும் தமிழும் செழித்த ஊருமாகும். புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் பிறந்த மண் அது. அங்கிருந்து தெற்கே சில மைல் சென்றால் 1892இல் சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவு. இரண்டு ஊரும் ஒரே கரையில், ஒரே காற்றில் இருப்பவை.

தறியின் முன் ஒரு நெசவாளி உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குழிக்குள் இரு கால்களும் மிதிகளை மாறி மாறி மிதிக்கின்றன. ஒரு கை நாடாவை விடுகிறது. மறு கை அடித்து நெருக்குகிறது. நீளவாக்கிற் கட்டிய பாவு நூல் நூற்றுக்கணக்கான இழைகளைக் கொண்டது. ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அதைத் தேடிப் பிடித்து, முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்ய வேண்டும். பார்க்காததுபோல் விட்டால் துணியில் அது காட்டிக்கொடுத்துவிடும். இந்தத் தொழிலைப் பரம்பரையாகச் செய்துவந்த மக்களுக்குப் பொறுமை என்பதை வேறொருவர் கற்பிக்க வேண்டியதில்லை.

நிற்க. இந்தக் கரை கண்ட அழிவுகளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். 1957 டிசம்பரில் வந்த பெருவெள்ளத்தை இச்சபையில் இருக்கும் மிக முதியோர் சிலர் சிறு பிராயத்து நினைவாக வைத்திருக்கக்கூடும். 1978 நவம்பர் 23ஆந் தேதி இரவு அடித்த சூறாவளியை ஐம்பது வயதைக் கடந்த எவரும் மறந்திருக்க மாட்டார். மட்டக்களப்புக் கரையிலே தென்னைகள் முறிந்து விழுந்தன, கூரைகள் பறந்தன, விடிந்தபோது ஊர் தன்னையே அடையாளம் காணாமல் நின்றது.

அதன்பின் 2004 டிசம்பர் 26. அன்று ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாளுமாகும். சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தபோது நமது கடிகாரத்தில் காலை ஏழு மணியாக ஏறக்குறைய ஒரு நிமிடமே இருந்தது. கடல் நமது கரைக்கு வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் நமக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. இந்து சமுத்திரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை ஏற்பாடு அன்று இருக்கவில்லை. இலங்கை முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 10,000க்கு மேற்பட்டோர் நமது அம்பாறை மாவட்டத்தவர். வேறெந்த மாவட்டமும் அவ்வளவு பேரை இழக்கவில்லை. மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் கடலோரத் தெருக்களே இல்லாமற் போயின.

அந்த முதற் சில நாட்களை நாம் மறக்கக்கூடாது. அன்று எவரும் எவரிடமும் ஊரைக் கேட்கவில்லை. வீதிக்கு மேற்கே இருந்தவர்கள் கிழக்கே இருந்தவர்களுக்குக் கதவைத் திறந்தார்கள். பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் அடுப்பு மூட்டப்பட்டது. அரசாங்கத்தின் லொறி வருமுன்பே அயல்வீட்டுச் சோறு வந்தது. இதை யாரும் திட்டமிடவில்லை.

ஆயினும் இன்று நாம் சொல்ல வந்தது அந்தக் காலைப்பொழுதைப் பற்றியதன்று. அதற்குப் பின் வந்த ஆண்டுகளைப் பற்றியது.

சில காலத்துக்கு முன் மருதமுனையில் ஒரு முதிய நெசவாளியைச் சந்தித்தோம். "காக்கா, இப்ப எப்படி?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "கடல் ஒரு நாள்தான் தம்பி வந்த. கடதாசிக்கு நாங்க இன்னம் போய்த்துத்தான் இரிக்கம்" என்றார். வீட்டு உறுதி கடலோடு போய்விட்டதாம். அதன் பிரதிக்கு ஓர் அலுவலகம்; அந்தப் பிரதி சரியென்று உறுதிப்படுத்த இன்னோர் அலுவலகம்; அங்கே இருந்த உத்தியோகத்தர் மாற்றலாகிப் போனபின் மீண்டும் முதலாவது அலுவலகம். இப்படியே காலம் போயிற்று. அவரிடம் கோபம் இருக்கவில்லை. கோபம் இல்லாததுதான் நமது மனத்தை உறுத்தியது.

அவர் சொன்ன கடதாசியின் கதை எங்கே தொடங்கியதென்று பார்ப்போம். 2005இன் தொடக்கத்தில், கடலோரத்தில் மீண்டும் வீடு கட்டக்கூடாதென்று அரசு ஓர் எல்லை வகுத்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். உயிரைக் காக்கும் நோக்கம் நல்லதே. ஆனால் மக்கள் நெருங்கி வாழும் நமது கரையில் 200 மீற்றர் என்பது பல தெருக்கள், பல நூறு குடும்பங்கள். அவர்கள் எங்கே போவது? மேற்கே வயல், அதை நிரப்ப வேண்டும், விலைக்கு வாங்க வேண்டும். மீன்பிடிப்பவன் வள்ளத்தை விட்டுத் தூரத்தில் எப்படிக் குடியிருப்பான்? பின்னர் அந்த எல்லை குறைக்கப்பட்டது. நமது பகுதியில் அது 65 மீற்றர் ஆயிற்று. மருதமுனையில் இன்றும் '65 மீற்றர் வீட்டுத்திட்டம்' என்று ஒரு குடியிருப்புக்குப் பெயர் வழங்குகிறது. ஒரு சட்டத்தின் அளவுகோல் மக்கள் வாயில் ஊர்ப்பெயர் ஆகிவிட்டது. எல்லை இதுதான் என்று தெரியாமல் இருந்த காலமெல்லாம் ஒருவனாலும் ஒரு கல்லை நம்பிக்கையோடு வைக்க முடியவில்லை.

அதே ஆண்டு ஜூனில், வெளிநாட்டு உதவியைப் பகிர்வதற்கென்று அரசும் விடுதலைப் புலிகளும் பொதுக்கட்டமைப்பு என்ற ஓர் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டனர். மிக அதிகமாக இறந்தவர்களுள் முஸ்லிம்களும் இருந்தும், அதில் அவர்கள் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்குத் தடை விதித்தது. அது நடைமுறைக்கு வரவேயில்லை.

அக்கரைப்பற்றுப் பக்கத்து நுரைச்சோலையைப் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடலில் வீடிழந்த மக்களுக்கென்று சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் அங்கே கட்டப்பட்டன. பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் சந்தையும் கூடக் கட்டினார்கள். அவ்வீடுகளை ஓர் இனத்தவருக்கு மட்டும் கொடுப்பது சரியோ என்று வழக்கு எழுந்தது. எல்லா இனத்தவருக்கும் விகிதாசாரப்படி பகிர வேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்த்தது. தீர்ப்பை நாம் குறை கூற வரவில்லை. சட்டத்தின்முன் எல்லாரும் சமம் என்பது நாமும் கேட்கின்ற நீதியே. ஆனால் தீர்ப்பின் பின்னர் நடந்தது என்ன? அவருக்கும் கொடுக்கவில்லை, இவருக்கும் கொடுக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேலாக அந்த வீடுகளுக்குள் பற்றைதான் குடியிருந்தது. வீடில்லாத மனிதரும் மனிதரில்லாத வீடும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. பகிர்வைப் பற்றி முதலிற் பேசி உடன்பட்டு, அதன்பின் கல் வைத்திருந்தால் இந்த அவமானம் நேர்ந்திராது.

ஒலுவில் துறைமுகத்தின் கதை இன்னொன்று. 2008இல் வேலை தொடங்கி, 2013இல் திறந்துவைத்தார்கள். கப்பல் வரும், வேலை வரும் என்றார்கள். வந்தது மணல். துறையின் வாயை மணல் அடைத்தது. கரையோரமாக வடக்கு நோக்கி நகர்ந்துவந்த மணலை அலைதடுப்பு அணை மறித்ததால், அணைக்கு வடக்கே இருந்த கரையைக் கடல் அரித்தது. தென்னந்தோப்புகளும் தோணி இழுத்து வைக்கும் இடங்களும் கடலுக்குள் போயின. அபிவிருத்தி நின்றுபோனால் ஒரு நட்டம். இடம் அறியாமல் நடந்தால் இரு நட்டம் என்பதற்கு அதுவே சாட்சி.

இவற்றுக்கு நடுவே சாதாரண மனிதன் எப்படி வாழ்ந்தான்? அவன் காத்துக்கொண்டு மாத்திரம் இருக்கவில்லை. தறிக்குழியிற் படிந்த மணலை அள்ளினான். கடல் கொண்டுபோன தறிக்குப் பதிலாக இருந்த மரத்திற் புதியது செய்தான். பெண்கள் சீட்டுப் பிடித்து, அந்தச் சீட்டில் ஒரு கதவையும் இரண்டு யன்னலையும் வாங்கினார்கள். கடைக்காரர் கொப்பியில் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்தார். வீட்டுக்கு ஒருவர் மத்திய கிழக்குக்குப் போனார். பிள்ளையின் படிப்பை மட்டும் நிறுத்தவில்லை. வீடு அரைகுறையாய் நின்றபோதும் ரியூஷன் காசு தவறாமற் கட்டப்பட்டது. அரசாங்கத் திட்டங்களின் பட்டியலில் இவற்றில் எதுவும் இல்லை. ஊரை நிமிர்த்தியவை இவையே.

தறிக்கு வந்த சோதனை கடலோடு நிற்கவில்லை. 1977க்குப் பின் இறக்குமதித் துணி மலிந்தபோதே நாடு முழுவதும் கைத்தறி தள்ளாடத் தொடங்கியது. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது நூலும் சாயமும் எட்டாத விலைக்குப் போயின. மீனவனுக்கோ மண்ணெண்ணெய். அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. வள்ளம் கரையிற் கிடக்க, கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்களை நாம் கண்டோம். கடல் அடிக்காத காலத்தில் விலை அடித்தது.

இவ்விடத்தில் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்க வேண்டும். "என்ன வந்தாலும் தாங்கும் மக்கள்" என்று நாம் அவர்களைப் புகழ்கிறோம். அந்தப் புகழ்ச்சி யாருக்கு உதவுகிறது? தாங்குகிறவன் தாங்குவான் என்று தெரிந்தால், கொடுக்க வேண்டியவன் ஏன் அவசரப்படுவான்? ஒருவனுடைய பொறுமை இன்னொருவனுடைய சோம்பலுக்கு மெத்தையாகிவிடுகிறது. நோயையும் மரணத்தையும் பொறுத்துக்கொள்வது பெருமை. பூட்டிய வீட்டையும் பதில் வராத கடிதத்தையும் இருபது ஆண்டு பொறுத்துக்கொள்வது பெருமையாகாது.

இந்தத் தாமதத்துக்கு விலை உண்டு. சில வேளை அந்த விலை உயிர். 2024 நவம்பர் 26ஆந் தேதியை நினைத்துப் பாருங்கள். பெருமழை. காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையிலான வீதியை வெள்ளம் மூடியிருந்தது. மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துப் புரட்டியது. மாணவர் அறுவர் உட்பட எண்மர் இறந்தனர். மாரியில் அந்த வீதியின் குறுக்கே வெள்ளம் பாயும் என்பது ஊரார் அறிந்த செய்தி. மழையை யாரும் நிறுத்த முடியாது. வீதியை உயர்த்தலாம், நீர் போக வழி விடலாம், வெள்ள நாளில் வீதியை மறித்து ஒருவரை நிறுத்தலாம். மழை இயற்கையின் செயல். அறிந்திருந்தும் செய்யாமல் விட்டது மனிதரின் செயல். இரண்டையும் "விதி" என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுக் கட்டிவிடுவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

இளைஞர்களே, இனி உங்கள் பக்கம் வருகிறோம். பெரிய காரியம் எதையும் கேட்கப் போவதில்லை. மூன்று சிறு வேலைகளைக் கேட்கிறோம்.

முதலாவது, பெரியோரிடம் கேட்டு எழுதுங்கள். சுமாத்திராவுக்கு அருகே சிமெலுவே என்றொரு தீவு உண்டு. 1907இல் அங்கே கடற்கோள் வந்து மிகப் பலர் மாண்டனர். உயிர் தப்பியவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, "நிலம் பலமாக ஆடினால், கடல் உள்வாங்கினால், மலைக்கு ஓடு" என்பதைத் தாலாட்டிலும் கதையிலும் வைத்துப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004இல் நிலம் அதிர்ந்த இடத்துக்கு மிக அருகில் இருந்தும், அந்தத் தீவில் இறந்தவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. கருவி காப்பாற்றவில்லை, பாட்டிமார் சொன்ன ஒரு சொல் காப்பாற்றியது. நமது கரையில் இப்போது எச்சரிக்கைக் கோபுரங்கள் உண்டு. 2012 ஏப்ரல் 11இல் எச்சரிக்கை வந்தபோது மக்கள் உள்நாட்டை நோக்கி ஓடியதையும் கண்டோம். ஆயினும் 2004க்குப் பின் பிறந்த பிள்ளைகள் இன்று வாலிபர்கள். அவர்களுக்கு அது பாடப்புத்தகச் செய்தி. எந்தத் தெருவரை நீர் வந்தது, எந்த ஒழுங்கையால் ஓடியவர் தப்பினர், எந்த ஒழுங்கையில் வழியடைத்தது என்பதைக் கண்டவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பெத்தாமாரும் அப்பப்பாமாரும் இச்சபையில் முன் வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் காலமே அதற்குரிய காலம்.

இரண்டாவது, கடதாசியைக் கண்டு அஞ்சாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எந்தப் பிரசையும் எந்த அரச அலுவலகத்திடமும் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. கொடுப்பதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். அதன்பின் ஆணைக்குழுவுக்குப் போகலாம். "இந்த வீதிக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது? எவ்வளவு செலவாயிற்று? மீதி எங்கே?" என்று மூன்று வரியிற் கேட்கலாம். பத்தாம் வகுப்புப் படித்த பிள்ளையால் எழுதக்கூடிய கடிதம் அது. அந்த முதிய நெசவாளி இத்தனை ஆண்டு அலைந்த அலைச்சலில் ஒரு பகுதியையாவது ஒரு வாலிபனின் பேனா குறைத்திருக்கும். நமது சங்கத்திலே மாதத்தில் ஒரு நாள், ஒரு மேசை, இரண்டு கதிரை, எழுதத் தெரிந்த இருவர். வருகிறவர் எந்த ஊர், எந்த மதம் என்று கேளாமல் எழுதிக்கொடுங்கள்.

மூன்றாவதுதான் கடினமானது. நமக்குக் கிடைத்தவுடன் வாய் மூடாதீர்கள். இதை நாம் வெட்கத்தோடுதான் சொல்கிறோம். நமது ஊருக்கு ஒரு வீதி வந்தால் அடுத்த ஊரின் வீதியைப் பற்றி நாம் பேசுவதில்லை. அவர்களும் அப்படித்தான். அவருக்கு ஒரு வீடு கிடைத்தால் நமக்குரியதை எடுத்துவிட்டார் என்று நாம் முணுமுணுக்கிறோம். நமக்குக் கிடைத்தால் அவர் முணுமுணுக்கிறார். இரு பக்கத்து முணுமுணுப்பையும் கேட்டுக்கொண்டு, கொடுக்க வேண்டியவர் ஒருவருக்கும் கொடாமல் சும்மா இருக்கிறார். நுரைச்சோலையின் பூட்டிய கதவுகள் நமக்குக் கற்பித்த பாடம் இதுவே. நிலமும் நிர்வாக எல்லையும் பற்றி நமக்குள் பிணக்குகள் உண்டு. அவை இல்லையென்று மேடையிற் பூசி மெழுக நாம் வரவில்லை. அவற்றை அதற்குரிய இடத்திலே பேசித் தீர்க்க வேண்டும். ஆனால் வெள்ளம் ஓடும் வாய்க்காலுக்கும், கடலரிப்புக்கும், எச்சரிக்கைக் கோபுரத்துக்கும் எல்லைப் பிணக்குக் கிடையாது. அவற்றுக்காகவாவது பாண்டிருப்பு வாலிபனும் மருதமுனை வாலிபனும் ஒரே மனுவிற் கையெழுத்திட்டு, ஒரே நாளில் அலுவலகப் படி ஏறலாம். தனித்தனியே போனால் அவர் ஒரு பதிலும் இவர் வேறொரு பதிலும் கொண்டு திரும்புவர். சேர்ந்து போனால் ஒரே பதில்தான் சொல்ல வேண்டிவரும்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். இளைஞர் கேள்வி கேட்கும்போது "நமக்கேன் வீண் வம்பு" என்று தடுத்துவிடாதீர்கள். அழிவுக்கு மேல் அழிவைத் தாங்கி இந்தக் கரையைக் காத்தவர்கள் நீங்கள். அந்தப் பொறுமைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதைப் பிள்ளைகளுக்குச் சொத்தாகக் கொடுங்கள். காத்திருக்கும் பழக்கத்தை மாத்திரம் கொடுக்காதீர்கள்.

அந்த முதியவரிடம் விடைபெறும்போது ஒரு சாறன் வாங்கினோம். விலை கேட்டோம், அவர் சொன்னதைக் கொடுத்தோம். பேரம் பேச மனம் வரவில்லை. துணியை மடித்துக் கொடுக்குமுன் வெளிச்சத்திற் பிடித்து ஒரு தரம் பார்த்தார். ஓரிடத்தில் இழை ஒன்று தளர்ந்திருந்தது. "இரிங்க தம்பி" என்று சொல்லி, அதைத் திருத்திய பின்புதான் தந்தார். நமக்கு அவசரம், அவருக்கு இல்லை. தவறு தெரிந்தபின் அப்படியே கொடுக்க அவரால் முடியவில்லை.

இந்த நாட்டின் அலுவலகங்களில் அந்த நெசவாளியின் கண்ணும் கையும் வரும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.